ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்

எங்கள் சேகரத்தில், அதாவது சில சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டத்தில், ஞாயிறு ஆராதனையின் மன்றாட்டு ஜெபத்தில் நாட்டுக்கென்று ஒரு பகுதி உண்டு. குடியரசுத் தலைவர், பிரதமர், முதல்வர், அதிகாரிகள் என்று ஆரம்பித்து, நோயாளிகள், விதவைகள், சிறையில் இருப்பவர்கள் என்று போகும். சிறையில் இருப்பவர்கள் என்றதும் கொலையோ கொள்ளையோ செய்துவிட்டுத் தண்டனை அனுபவிக்கிற யாரோ ஒருவர்தான் சபையார் மனதில் வருவார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. அந்த வருடக் கடைசியில் நாடு முழுக்கச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். அவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூன்று பேரைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

நான் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளோடு பல வருடமாகப் பெண்கள் சிறைக்குப் போய் வருகிறேன். ஆண்கள் சிறைக்கு எங்கள் உபதேசியாரும் (சபை ஊழியர்) சில அண்ணன்மாரும் போகிறார்கள். சிறை ஊழியம் தொடங்க வேண்டும், எப்படித் தொடங்குவது என்று மற்ற சேகரங்களிலிருந்து கேட்கிறார்கள். பாட்டையும் பிரசங்கத்தையும் பற்றி நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை, அதை எல்லாரும் நன்றாகவே செய்கிறார்கள். நான் எழுத நினைப்பது ஜாமீனைப் பற்றி.

அதற்கு முன் உள்ளே போகிற முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறை நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் போகலாம். போன், பர்ஸ் எல்லாம் வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரு துண்டுச் சீட்டாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டு போகவோ வெளியே கொண்டு வரவோ கூடாது. "டீச்சர், எங்க அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவார்கள். மனம் கேட்காதுதான். இருந்தாலும் சிறை நல அலுவலரிடம் சொல்லி, அவருக்குத் தெரிந்துதான் அதைச் செய்ய வேண்டும். ஒருவர் விதியை மீறினால் அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் தொல்லை. அப்புறம் எல்லாருக்கும் கதவு அடைபடும்.

இன்னொன்று. எங்கள் கூட்டத்துக்கு வந்து உட்காருகிறவர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. பாட்டுப் பாடலாம், வெளி முகங்களைப் பார்க்கலாம் என்று வருகிறார்கள். அவர்களிடம் மதம் மாறச் சொல்லிப் பேசுவதில்லை என்று நாங்கள் ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டோம். எழுந்து போகவோ, வேண்டாம் என்று சொல்லவோ வசதி இல்லாத ஒருவரிடம் விசுவாசத்தைக் கேட்பது முறையில்லை என்பது என் திடமான எண்ணம். கேட்டால் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்கிறோம். கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பிரசங்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி நேரம் அவர்கள் பேச விடுவது என்று மாற்றிய பிறகுதான் ஜாமீன் விஷயம் எங்கள் கண்ணில் பட்டது. ஒரு பெண், முப்பது வயது இருக்கலாம். வீட்டு வேலை செய்த இடத்தில் நகை காணாமல் போன வழக்கு. ஒரு பிஸ்கட் பாக்கெட் உறையைப் பிரித்து, அதன் உட்புறம் பேனாவால் எழுதியதை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், கோர்ட்டின் பெயர். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் படுக்கிற இன்னொரு கைதி எழுதிக் கொடுத்தது. மடிப்பு விழுந்த இடத்தில் எண்கள் அழிந்துபோய், அதன் மேல் திரும்பவும் எழுதியிருந்தது. "ஜாமீன் ஆயிடுச்சுன்னு சொன்னாங்க டீச்சர். அப்புறம் யாரும் கூப்பிடல" என்றாள்.

விசாரித்துப் பார்த்தால் உண்மைதான். ஜாமீன் கொடுத்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். தாயாருக்குச் சொந்த வீடு கிடையாது. ஊரில் யாரும் கோர்ட் படி ஏறத் தயாராக இல்லை. அவளை வெளியே விடலாம் என்று நீதிபதி சொல்லியும், இரண்டு பேர் கையெழுத்து இல்லாததால் அவள் உள்ளே இருந்தாள்.

எல்லாரும் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தைச் சொல்வார்கள், காவலிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று. அன்றைக்கு எனக்கு அதைவிட, எகிப்தில் சிறையில் கிடந்த யோசேப்புதான் நினைவுக்கு வந்தான். அவனோடு சிறையில் இருந்த, பார்வோன் மன்னனின் பானபாத்திரக்காரன் விடுதலையாகிப் போகும்போது யோசேப்பு அவனிடம் கேட்டது ஜெபம் இல்லை. என் காரியத்தைப் பார்வோனுக்குச் சொல் என்று கேட்டான். வெளியே போனவன் மறந்துவிட்டான். யோசேப்பு இன்னும் இரண்டு வருடம் உள்ளே கிடந்தான். ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கனவுகளின் அர்த்தம், பஞ்சம், கோதுமை என்று நீட்டிச் சொல்லி, அந்த இரண்டு வருடத்தை ஒரு வரியில் தாண்டிப் போவோம். பவுலும் சீலாவும் சிறையில் இருந்த அப்போஸ்தலர் 16-ம் அப்படித்தான். பூமி அதிர்ந்து கதவுகள் திறந்ததைப் பிரசங்கிக்கிறோம். மறுநாள் காலையில் அதிகாரிகள் ஆள் அனுப்பிப் போகச் சொன்னபோது, விசாரிக்காமலே எங்களை அடித்துச் சிறையில் போட்டார்களே, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று பவுல் சட்டம் பேசிய வசனத்தைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம். நியாயம் விசாரிக்கப்பட வேண்டும் என்று கேட்பது ஆவிக்குரிய காரியம் இல்லை என்று யாராவது சொன்னால் அந்த வசனத்தைத்தான் காட்டுகிறேன்.

சரி, ஜாமீன் நிற்க ஆள் வேண்டும். சேகரக் கமிட்டியில் வைத்தோம். வந்த முதல் கேள்வி, "அவ ஓடிப்போயிட்டா நாங்க ஜெயிலுக்குப் போகணுமா?" என்பது. நியாயமான பயம். எங்கள் சபையில் இருக்கிற ஒரு வக்கீல் தம்பி பொறுமையாக விளக்கினார். ஜாமீன்தாரர் உறுதி கொடுப்பது, இவர் வாய்தாவுக்கு வந்துவிடுவார் என்று. வராமல் போனால் பத்திரத்தில் எழுதிய தொகையை நீதிமன்றம் ஜாமீன்தாரரிடம் கேட்கும். அதையும் கட்டாமல் விட்டால்தான் மேற்கொண்டு நடவடிக்கை. குற்றத்துக்கு அவர் பொறுப்பாளி ஆகமாட்டார். இடையில் நம்பிக்கை போய்விட்டால், என்னை விடுவித்துவிடுங்கள் என்று நீதிமன்றத்தில் மனுப் போடவும் வழி இருக்கிறது. இதைக் கேட்டபிறகு பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவரும் உபதேசியாரும் முன்வந்தார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ கொண்டு போனோம். சில நீதிமன்றங்களில் சொத்து மதிப்புச் சான்று கேட்பார்கள், அதற்குத் தாலுகா அலுவலகம் போக வேண்டும். என்னென்ன வேண்டும் என்று வக்கீல் குமாஸ்தாவிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

காலையிலேயே போவது நல்லது. பத்திரம் கொடுத்து, நீதிபதி ஏற்றுக்கொண்டு, விடுதலை உத்தரவு சிறைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். சாயங்காலம் கைதிகளை அறையில் அடைக்கிற லாக்கப் நேரம் தாண்டி உத்தரவு வந்தால் மறுநாள்தான். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கொடுத்தால் சனி, ஞாயிறும் உள்ளேயே கழிந்துவிடலாம். இன்னொரு முக்கியமான விஷயம், வெளியே வருகிற நேரத்தில் வாசலில் நம் ஆட்கள் இரண்டு பேராவது நிற்க வேண்டும். அந்தப் பெண் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. ஊருக்குப் போகிற பஸ்ஸுக்குக் காசு கிடையாது, நாங்கள் வருவோம் என்று அவளுக்குத் தெரியவும் தெரியாது. பெண்களை அந்த நேரத்தில் சாலையில் தனியாக விடுவதில் உள்ள ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். நாங்கள் கற்றவற்றில் பாதி, சட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்டு யாரும் போய்ச் சொல்லாமல் கிடப்பவை. காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வக்கீல் கிடைக்க வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 60 நாள், கடுமையான குற்றங்களுக்கு 90 நாள். போதைப்பொருள் போன்ற சில தனிச் சட்டங்களில் கணக்கு வேறு. அதற்குள் தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் பெறுவது கைதியின் உரிமை. ஆனால் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. அதனால் யாரையாவது புதிதாகச் சந்தித்தால் நாங்கள் முதலில் குறித்துக்கொள்வது ரிமாண்ட் ஆன தேதி, அதாவது நீதிமன்றம் காவலில் வைக்கச் சொன்ன தேதி.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவையும் ஊழியத்தில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், வழக்கில் உள்ள குற்றத்துக்கு உள்ள அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரை ஜாமீனில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதற்கான விண்ணப்பத்தைச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர்கள் கைவசம் நூற்றுக்கணக்கான கோப்புகள். ஒரு பெயரையும் தேதியையும் தாளில் எழுதி மரியாதையாகக் கொடுத்தால் பெரும்பாலும் கவனிக்கிறார்கள். சண்டை போட்டுச் சாதித்ததைவிட இப்படிச் சாதித்தது அதிகம்.

பணம் இல்லாமல் கிடப்பவர்களுக்கு 2023-இல் மத்திய அரசு ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் கொண்டு வந்தது. விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் கிடைக்கும் என்று அப்போது விதி வகுத்தார்கள். ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே போகாதவரின் விவரத்தைச் சிறை நிர்வாகம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே 2023-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் தாக்கல் ஆகவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம். இதெல்லாம் புது யோசனையும் இல்லை. 1978-லேயே மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மத்தியப் பிரதேசத்துக்காரர். அவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்திருந்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, வேறு ஆள் ஜாமீன் நிற்காமல், ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்திலேயே அவரை விடச் சொன்னார். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்து வழக்கில் சிக்கும் பையன்களுக்காகப் பேசும்போது, வக்கீல் தம்பி இந்தத் தீர்ப்பைத்தான் எடுப்பார். அந்தப் பையன்களுக்கு மொழியும் தெரியாது, சிறைக்கு வந்து பார்க்கிறவர்களும் கிடையாது.

எல்லா வழக்கிலும் நாங்கள் ஜாமீன் நிற்பதில்லை. வீட்டுப் பெண்ணை அடித்த வழக்கு, பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் நிற்க மாட்டோம். இலவச வக்கீல் கிடைக்க வழி சொல்வோம், அது அவருடைய உரிமை. ஆனால் அவர் வெளியே வந்தால் யாருடைய உயிருக்குப் பயம் என்பதையும் சபை யோசிக்க வேண்டும். "குற்றம் பண்ணினவனுக்காக இவ்வளவு பாடுபடுறீங்களே, பாதிக்கப்பட்டவங்களை யார் பார்ப்பா?" என்று ஒரு தாயார் ஆராதனை முடிந்து என்னிடம் கேட்டார். அவருடைய மகன் குடிபோதைத் தகராறில் வெட்டுப்பட்டு இறந்தவன். அவர் கேட்டது சரியான கேள்வி. இப்போது எங்கள் குழு அப்படிப்பட்ட குடும்பங்களையும் போய்ப் பார்க்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அதற்கும் அதே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில்தான் மனுக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கூடப் போய் எழுதிக் கொடுக்கிறோம்.

காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கிறவர்கள் கோர்ட் வாசலில் உண்டு. அவர்கள் பக்கம் போகவே வேண்டாம். நம் ஆட்களும் நன்றிக் காணிக்கை என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சாட்சி சொல்லச் சொல்லி மேடையில் ஏற்றுவது, வாசலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது, இரண்டும் வேண்டாம். அந்தப் படத்தை நாளைக்கு வேலை கொடுக்கிறவரும் பார்ப்பார், பெண் கொடுக்கிறவரும் பார்ப்பார்.

இதெல்லாம் அரசியல், சபைக்கு எதற்கு என்ற பேச்சும் வந்தது. ஸ்டேன் சுவாமி அடிகளாரின் பெயரைச் சொல்லி ஜெபித்தபோது அது இன்னும் பலமாக வந்தது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைத் துறவி அவர். ஜார்க்கண்டில் ஆதிவாசி இளைஞர்கள் விசாரணைக் கைதிகளாகவே வருடக்கணக்கில் கிடப்பதை ஆராய்ந்து, உயர் நீதிமன்றம் வரை கொண்டு போனவர். 2020 அக்டோபரில் மகாராஷ்டிராவின் பீமா கோரேகான் வன்முறை தொடர்பான வழக்கில் அவரையே கைது செய்தார்கள். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது, உறிஞ்சிக் குடிக்கிற குவளை ஒன்று கேட்டார், அதற்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று மும்பையில் மருத்துவமனையில் இறந்தார், 84 வயதில், விசாரணைக் கைதியாகவே. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நாங்கள் சபையில் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டோம். "கட்டப்பட்டிருக்கிறவர்களோடே நீங்களும் கட்டப்பட்டவர்கள்போல அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று எபிரெயர் நிருபம் சொல்வதற்கு யாரும் கட்சிச் சாயம் பூச முடியாது.

சாதியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் ஆட்களைப் பிரித்து வைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பதிவேட்டில் சாதிப் பத்தியையே எடுத்துவிடச் சொன்னது. அந்த ஞாயிறு நாங்கள் அதற்காக ஸ்தோத்திரம் செய்தோம். ஆனால் நம் தென்மாவட்டங்களில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற சபைகள் இன்னும் இருக்கின்றன. கோர்ட் சிறையைத் திருத்தச் சொன்னது. கல்லறையைத் திருத்த நாம் யாருடைய உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம்?

தொடங்க நினைக்கிற சபை முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரைப் போய்ப் பாருங்கள். சட்டத் தன்னார்வலர்களாக உங்கள் ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பயிற்சியும் கிடைக்கும், சிறைக்குள் போவதற்கு ஒரு முறையான வழியும் அமையும். சபையில் ஓய்வு பெற்ற தாலுகா அலுவலக ஊழியர், வக்கீல் குமாஸ்தா, இந்தி தெரிந்த ராணுவக்காரர் யாராவது இருப்பார். பிரசங்கம் பண்ணத் தெரியாது என்று பின்னால் உட்கார்ந்திருக்கிற அவர்கள்தான் இந்த ஊழியத்துக்கு வேண்டியவர்கள்.

வெளியே வந்தவரை வாய்தாவுக்குப் போக வைப்பதுதான் மிச்ச வேலை, அதுதான் நீண்ட வேலை. ஒரு வாய்தா தவறினால் வாரண்ட் வரும், ஜாமீன் ரத்தாகலாம், நின்றவர்களுக்கும் சங்கடம். எங்கள் சங்கத்தில் ஒரு அக்கா இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பெயர், வழக்கு எண், கோர்ட், அடுத்த தேதி. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் நிலையைப் பார்த்து அவர் பேத்தி தேதிகளைத் திருத்திக் கொடுக்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் அக்கா ஒவ்வொருவருக்கும் போன் போடுவார், பஸ் செலவுக்கு இருக்கிறதா என்று கேட்பார், இல்லை என்றால் சங்கப் பணத்திலிருந்து காலையில் கொடுத்தனுப்புவோம். நகை வழக்குப் பெண்ணின் பெயரும் அந்த நோட்டில்தான் இருக்கிறது. சாட்சி விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அவள் இப்போது ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். வாய்தா நாளில் விடுப்பு வேண்டும் என்று வேலைக்குச் சேரும்போதே பேசி வைத்துக்கொண்டோம்.